வாக்குமூலம் வேறு, சாட்சியம் வேறு: மிஷெல் லெரிஸின் ஆப்பிரிக்க நாட்குறிப்பை முன்வைத்து

1

இந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதித் தரச் சொல்லி மூன்று மாதமாகிறது. இழுத்தடித்ததற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவளுக்கு ஆப்பிரிக்க முகமூடியைப் பற்றி என்ன தெரியும் என்கிற தயக்கம் ஒன்று. இன்னொன்று, புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நின்றேன். அந்தப் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1931 செப்டம்பர் 6. அன்றைக்குப் பிரெஞ்சு சூடான் என்று பெயர், இன்றைக்கு மாலி. சான் என்கிற நகரத்துக்குப் பக்கத்தில் கெமேனி என்றொரு பம்பாரா கிராமம். வெள்ளைக்காரர்கள் லாரியோடு வந்து இறங்குகிறார்கள். அந்த ஊரில் ஒரு குடிசைக்குள் 'கோனோ' இருக்கிறது. கோனோ என்பது ஆண்களின் ரகசியச் சங்கம். அந்தச் சங்கத்தின் பூசைப் பொருளுக்கும் அதே பெயர்தான். பெண்களும், சடங்கு முடியாத சிறுவர்களும் அதைக் கண்ணால் பார்க்கக் கூடாது. உள்ளே போகணும்னா கோழி பலி கொடுக்கணும், அதுக்கு முறை இருக்கு என்கிறார்கள் ஊர்க்காரர்கள். நேரம் போகிறது. வந்தவர்களுக்குப் பொறுமை போகிறது. குழுவின் தலைவர் மார்செல் கிரியோல் ஒரு முடிவெடுக்கிறார். மமது வாத் என்கிற மொழிபெயர்ப்பாளர் வழியாக ஊர்த்தலைவருக்குச் சேதி போகிறது: எங்களைக் கேலி செய்கிறீர்கள், ஆகவே பத்து பிராங்க் வாங்கிக்கொண்டு கோனோவைக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் லாரிக்குள் ஒளிந்திருக்கிற போலீஸ் உன்னையும் ஊர்ப் பெரியவர்களையும் சானுக்கு இழுத்துப்போகும், அங்கே அதிகாரிகளிடம் பதில் சொல்லிக்கொள்.

லாரிக்குள் போலீஸ் யாரும் கிடையாது.

ஊர் ஆண்கள் உள்ளே போய் எடுத்துத்தர மறுக்கிறார்கள். வெள்ளைக்காரர்களே உள்ளே போகிறார்கள். தார்ப்பாயில் சுற்றி, திருடர்களைப் போல வெளியே வருகிறார்கள். 'திருடர்களைப் போல' என்பது நான் சேர்த்தது இல்லை. எழுதியவரே தங்களைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார். ஊர்த்தலைவர் அரண்டு ஓடுகிறார். ஓடிப்போய், கொஞ்ச தூரத்தில், தன் பெண்டாட்டி பிள்ளைகளைத் தடியால் அடித்துக் குடிசைக்குள் தள்ளுகிறார், அது அவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று.

மறுநாள் தியாபுகு என்கிற கிராமம். அங்கே இன்னொன்று. பால்குடிப் பன்றிக்குட்டி உருவம். மேலெல்லாம் உறைந்த ரத்தம். பதினைந்து கிலோவுக்குக் குறையாது. அதையும் எடுத்தார்கள். இன்றைக்கு அது பாரிஸில் கே பிரான்லி மியூசியத்தின் சொத்து.

2

இதைச் செய்தவர்கள் கொள்ளைக் கூட்டத்தார் இல்லை. அறிஞர்கள். இதற்கு 'டக்கார்–ஜிபூத்தி ஆய்வுப் பயணம்' என்று பெயர். 1931 மே மாதத்திலிருந்து 1933 பிப்ரவரி வரை, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைவரை. இதற்கென்றே பிரெஞ்சு நாடாளுமன்றம் 1931 மார்ச் 31 அன்று தனிச்சட்டம் நிறைவேற்றியது. பணம் பற்றாமல் பாரிஸில் குத்துச்சண்டை ஒன்றும் ஏற்பாடு செய்தார்கள். சண்டை போட்டவர் பனாமாவைச் சேர்ந்த அல் பிரவுன், கறுப்பர், உலக சாம்பியன். ஆப்பிரிக்கர்களின் பொருளை எடுத்துவர ஒரு கறுப்பனின் கைமுட்டி காசு சேர்த்துக் கொடுத்தது. இதுக்கு மேல நான் என்னத்த எழுத.

கடைசியில் சுமார் 3,500 பொருள்கள் பாரிஸ் போய்ச் சேர்ந்தன. எத்தியோப்பியாவின் கோந்தர் நகரில் அப்பா அந்தோனியோஸ் தேவாலயத்தின் சுவரோவியங்களையே கழற்றிக்கொண்டு, அந்த இடத்தில் தங்கள் ஓவியர் வரைந்த நகலை ஒட்டிவிட்டு வந்தார்கள்.

புறப்படுவதற்கு முன் சேகரிப்பாளர்களுக்கென்று ஒரு கையேடு அச்சிட்டார்கள். விலையுயர்ந்த நகையைவிட ஒரு தகர டப்பா ஒரு சமூகத்தைப் பற்றி அதிகம் சொல்லும் என்று அதில் இருக்கிறது. நல்ல கருத்துதான். ஒவ்வொரு பொருளுக்கும் அட்டை எழுத வேண்டும், ஊர், பயன், செய்த விதம் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அதுவும் நல்ல கருத்துதான். கெமேனியில் வாங்கியதற்கு 'ஊர்: கெமேனி' என்று எழுதலாம். 'விலை: பத்து பிராங்க்' என்றும் எழுதலாம். 'லாரிக்குள் இல்லாத போலீஸ்' என்று எழுத அந்த அட்டையில் எங்கே இடம்?

இந்தக் குழு போகும் வழியில் 7 பிராங்குக்கு ஒரு முகமூடி வாங்கியிருக்கிறது. அன்றைக்கு ஒரு டஜன் முட்டையின் விலை அது. அதே காலத்தில் பாரிஸ் ஏலத்தில் ஒரு ஆப்பிரிக்க முகமூடி சராசரி 200 பிராங்குக்குப் போனது. 2018 இல் ஃபெல்வின் சார், பெனடிக்ட் சவ்வா இருவரும் பிரெஞ்சு அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் இந்தக் கணக்கு இருக்கிறது. சேகரிப்பு, கொள்முதல், அன்பளிப்பு என்று ஏட்டில் எத்தனை சொல் இருந்தாலும், முட்டைக்கும் ஏலத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த வித்தியாசம்தான் காலனியம்.

முற்போக்காளர்களும் இதில் தப்பவில்லை. அதே 1931 இல் பாரிஸில் பெரிய காலனியக் கண்காட்சி நடந்தது. அதற்குப் போகாதீர்கள் என்று துண்டறிக்கை போட்ட மிகையதார்த்தக் கவிஞர்களில் ஆந்த்ரே பிரெத்தோனும் பால் எலுவாரும் உண்டு. அதே கோடையில் ஜூலை மாதம் இவர்கள் இருவரும் தாங்கள் சேர்த்து வைத்திருந்த ஆப்பிரிக்க, அமெரிக்க, ஓசியானியச் சிற்பங்களை ஏலத்தில் விற்றார்கள். துண்டறிக்கை ஒரு கையில், ஏலப் பட்டியல் மறு கையில். தோழர்களை இழிவுபடுத்த இதைச் சொல்லவில்லை. எதிர்ப்பவன் வீட்டு அலமாரியையும் திறந்து பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

3

மிஷெல் லெரிஸ் அந்தக் குழுவின் செயலாளர். முப்பது வயசுக் கவிஞர். மிகையதார்த்தவாதிகளோடு இருந்து 1929 இல் விலகியவர். பயணம் முழுக்க நாள் தவறாமல் எழுதினார். 1934 இல் 'ஆவியாய்த் தெரியும் ஆப்பிரிக்கா' என்று தமிழில் சொல்லத்தக்க தலைப்பில் அதைப் புத்தகமாக்கினார். தலைவர் கிரியோலுக்குக் கோபம் வந்தது. 1941 இல் விஷி அரசு புத்தகத்தைத் தடை செய்தது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. 2017 இல் கல்கத்தாவின் சீகல் பதிப்பகம் கொண்டுவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன்.

இந்தப் புத்தகத்தைப் புகழ்கிறவர்கள் ஒரே குரலில் சொல்வது: 'என்ன நேர்மை!' ஆமாம், நேர்மைதான். கெமேனியில் நடந்ததைக் கேவலமான மிரட்டல் என்று அவரே எழுதுகிறார். வேறு எந்தச் சேகரிப்பாளனும் எழுதாததை எழுதினார். அவர் எழுதாமல் போயிருந்தால் எனக்குக் கெமேனி என்ற பெயரே தெரிந்திருக்காது. 1950 இல் மானிடவியலாளனும் காலனியமும் என்பது பற்றி அவர் எழுதிய கட்டுரை, காலனிய ஆட்சியின் நிழலில்தான் எங்கள் வேலை நடந்தது என்று ஒத்துக்கொள்கிற கட்டுரை. இதற்கெல்லாம் மரியாதை உண்டு.

ஆனால் நேர்மை யாருக்குப் பயன்பட்டது? மறுநாள் தியாபுகுவில் அதே கை மறுபடியும் நீண்டதே! எழுதியதால் கை நிற்கவில்லை. எழுத எழுத நெஞ்சு லேசாகியிருக்கிறது, லாரி கனத்திருக்கிறது. திரும்பிப் போனபிறகு அந்தப் பொருள்கள் இருந்த மியூசியத்தில்தான் வாழ்நாள் முழுக்க அவர் வேலை பார்த்தார்.

இங்கேதான் நான் பிரிக்கிறேன். வாக்குமூலம் வேறு, சாட்சியம் வேறு. செய்தவன் சொல்வது வாக்குமூலம். பட்டவன் சொல்வது சாட்சியம். வாக்குமூலத்தில் கதாநாயகன் செய்தவன்தான். அவனுடைய வெட்கம், அவனுடைய தூக்கமின்மை, அவனுடைய கனவு. இந்த நாட்குறிப்பிலும் பக்கம் பக்கமாக லெரிஸின் மனசு இருக்கிறது. ஊர்த்தலைவருக்கு ஓட்டமும் தடியும் மட்டும் கிடைத்தது. அவர் பெண்டாட்டிக்கு அடி மட்டும் கிடைத்தது. அவள் குடிசைக்குள் போனபிறகு என்ன பேசினாள்? வாசல்வரைதான் லெரிஸின் பேனா போகும். வாக்குமூலத்தைச் சாட்சியத்தின் இடத்தில் உட்கார வைத்துப் பூப்போடுகிற விமர்சனத்தைத்தான் நான் மறுக்கிறேன். புத்தகத்தை மறுக்கவில்லை.

4

அடிபட்ட அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். 'ஆப்பிரிக்கர்களின் பொருள்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். கோனோ அவளுடையதா? பார்த்தால் சாவு என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. வெள்ளைக்காரன் மேல் இருந்த பயம் தலைவர் வழியாக அவள் முதுகில் இறங்கியது. காலனியக் கொள்ளையைப் பேசும்போது ஊருக்குள் இருக்கிற மேல் கீழை மறந்துவிட முடியாது.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பகுதியின் மந்தே மக்களிடையே முகமூடியையும் சிலையையும் செதுக்குகிறவர்கள் கொல்லர்கள். 'நுமு' என்று பெயர். தோல் வேலை செய்பவர், பாட்டுப் பாடும் பாணர் ஆகியோரைப் போல இவர்களும் பிறப்பால் தொழில், தங்களுக்குள்ளேயே திருமணம் என்று வாழ்ந்த கூட்டம். இந்தத் தொழில் கூட்டங்களுக்கெல்லாம் பொதுவாக 'ந்யாமகலா' என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் இதைச் 'சாதி' என்று எழுதினார்கள். நம்ம ஊர் சாதியை அப்படியே கொண்டுபோய் அங்கே பொருத்தக் கூடாது. கொல்லரைக் கண்டு மற்றவர்கள் பயப்படவும் செய்தார்கள், அவரிடம் சக்தி இருப்பதாக நம்பவும் செய்தார்கள். ஆனாலும் உழைப்பவன் கையிலிருந்து போன பொருள், அவன் பெயரில்லாமல் போயிற்று என்பதைக் கவனிக்காமல் என்னால் இருக்க முடியாது. மியூசிய அட்டையில் யார் பெயர் இருக்கும்? எடுத்து வந்தவன் பெயர். கொடுத்தவன் பெயர். வாங்கிய நிறுவனத்தின் பெயர். செய்தவன் இடத்தில் 'தெரியவில்லை'.

தெரியவில்லையா, கேட்கவில்லையா? நைஜீரியாவில் இகெரே என்கிற யொருபா ஊர் அரண்மனையின் செதுக்குக் கதவு 1924 இல் லண்டன் வெம்பிளி கண்காட்சிக்குப் போனது. பிரிட்டிஷ் மியூசியம் கதவைத் தானே வைத்துக்கொண்டு, பதிலுக்கு இங்கிலாந்தில் செய்த ஒரு சிம்மாசனத்தை அரசருக்கு அனுப்பியது. கதவைச் செதுக்கியவர் ஓலொவே. இசே ஊர்க்காரர். 1938 வரை உயிரோடு இருந்தார். அவர் பெயர் அவர் ஊர் மக்களுக்கு நன்றாகத் தெரியும். மேற்கத்திய அறிஞர்களுக்குத்தான் பின்னால் தெரிந்தது. அதாவது, கதவு லண்டனுக்குப் போன அன்றைக்கு, ஒரு கடிதம் போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

5

சேகரிப்பாளர்களுக்கு ஒரு அழகியல் இருக்கிறது. 'அசல்' என்றால் என்ன என்று அவர்களைக் கேட்டால், சடங்கில் பயன்பட்டிருக்க வேண்டும், பழசாக இருக்க வேண்டும், வெளிக்கலப்பு இருக்கக் கூடாது என்பார்கள். முகமூடியின் உள்பக்கம் ஆடியவன் நெற்றி வியர்வை ஊறிக் கறுத்திருந்தால் விலை ஏறும். தியாபுகு பொருளின் மேலிருந்த ரத்தப் படலம் இருக்கிறதே, அது பலமுறை கொடுத்த பலி. மண், மரம், துணி, ரத்தம் என்று அடுக்கடுக்காக ஒரு சமூகம் பல வருஷம் ஊட்டி வளர்த்த உடம்பு. கண்ணாடிப் பெட்டிக்குள் போனதும் அது 'மேற்பரப்பின் மெருகு' ஆகிவிடுகிறது. வியர்வைக்கு விலை உண்டு, வியர்த்தவனுக்கு இல்லை. இந்த ருசி தெரிந்துகொண்டு புகையிலும் மண்ணிலும் போட்டுப் புதுசைப் பழசாக்கி விற்கிறவர்கள் ஆப்பிரிக்கச் சந்தைகளில் உண்டு. போலி என்று திட்டுகிறார்கள். எனக்கென்னமோ அது சரியான பதிலடியாகத்தான் படுகிறது.

சுத்தம் என்கிற சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பு கூசும். இந்தச் சுத்தத்தைக் கிழிப்பது துணி. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் கலபாரி மக்கள் இருக்கிறார்கள். பிறப்பு, சாவு, திருவிழா எதற்கும் அவர்களுக்குக் கட்டம் போட்ட ஒரு பருத்தித் துணி வேண்டும். பெயர் 'இஞ்சிரி'. அது எங்கே நெய்தது? மெட்ராஸ் கைக்குட்டை என்று வணிகப் பெயர் கொண்ட, சென்னைப் பக்கமும் ஆந்திரக் கரையிலும் கைத்தறியில் நெய்த துணிதான் அது. கலபாரிப் பெண்கள் அதை அப்படியே உடுத்துவதோடு விடவில்லை. நூலைக் குறிப்பார்த்து அறுத்து அறுத்து உருவி, கட்டத்துக்குள் வேறொரு வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். அந்தத் துணிக்குப் 'பெலெதே பிதே' என்று பெயர். தறியில் ஏற்றியது ஒரு கை, கத்தியால் அறுத்தது இன்னொரு கை. நடுவில் கடல். இது ஆப்பிரிக்கத் துணியா, இந்தியத் துணியா? 'கலப்பில்லாத மரபு' தேடுகிற சேகரிப்பாளனுக்கு இதை எந்தப் பெட்டியில் வைப்பதென்று தெரியாது. நெய்தவர் பெயரும் எழுதவில்லை, அறுத்தவள் பெயரும் எழுதவில்லை. அந்த விஷயத்தில் மட்டும் இரண்டு கரைக்கும் சம நீதி.

எங்க ஊருக்குப் பக்கத்துப் புதுச்சேரியில் நீலம் தோய்த்த துணியும் அப்படித்தான் போனது. 19ஆம் நூற்றாண்டில் செனகல் ஆற்றோரம் பிசின் வாங்கப் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பணம் மாதிரி எண்ணிக் கொடுத்தார்கள். லெரிஸ் கப்பலிறங்கிய டக்கார் இருக்கிற அதே செனகல்.

6

கெமேனி பக்கத்தில் நான் ஏன் மாட்டிக்கொண்டேன் என்று கடைசியில் சொல்லித்தான் ஆகணும்.

2011 இல் எம்.ஏ. ஆய்வேட்டுக்காக ஒப்பாரி சேகரித்தேன். வேறெங்கேயும் போகவில்லை, எங்க தெருவுக்குத்தான் போனேன். எங்க ஆயாதான் முதல் ஆள். மூணு சாயங்காலம் பாடினாள். நான் ரெக்கார்டரைத் திண்ணையில் வைத்துவிட்டு, 'இன்னொரு தரம் பாடு ஆயா, நடுவுல மூக்கு சிந்தாத' என்று சொன்னவள். பத்து பிராங்குகூடக் கொடுக்கவில்லை. ஆய்வேட்டில் அவள் 'தகவலாளி 4: பெண், வயது 70, எழுதப் படிக்கத் தெரியாதவர்'. ஒலிப்பதிவைக் குறுந்தகட்டில் ஏற்றித் துறையில் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டேன். என்னிடம் நகல் வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. ஆயா ரெண்டு மூணு முறை கேட்டாள்: 'எடுத்துட்டுப் போனியே, எம் பாட்ட எனக்கு ஒருதரம் போட்டுக் காட்ட மாட்டியா?' சரி ஆயா, சரி ஆயா என்றேன்.

2019 இல் அவள் செத்தாள். எழவு வீட்டில் பெண்கள் அவள் குரலைக் கேட்டார்கள். காரியம் முடிந்ததும் துறைக்கு ஓடினேன். கடிதம் வேண்டும் என்றார்கள். கொடுத்தேன். பதிவேட்டில் 'இருப்பில் உள்ளது' என்று இருந்தது. பீரோவில் தகடும் இருந்தது. போட்டால் ஓடவில்லை.

நான் லெரிஸ் இல்லை, எங்க ஆயா கெமேனி ஊர்த்தலைவரும் இல்லை. மிரட்டலும் இல்லை, லாரியும் இல்லை. ஆனால் கொண்டுபோன பொருள் உடையவளுக்குத் திரும்பிக் கிடைக்காமல் போன விஷயத்தில் என் கையெழுத்து இருக்கிறது. இப்ப நான் எழுதுகிறதும் வாக்குமூலம்தான். இதை ஆயாவின் சாட்சியமாக யாரும் படித்துவிட வேண்டாம்.

7

திருப்பிக் கொடுப்பது பற்றி இப்போது பேச்சு நடக்கிறது. சார்–சவ்வா அறிக்கையின்படி பிரெஞ்சுப் பொதுச் சேகரிப்புகளில் சகாராவுக்குத் தெற்கேயிருந்து போன பொருள்கள் சுமார் 90,000. அதில் சுமார் 70,000 கே பிரான்லியில். 1892 இல் தகோமே அரண்மனையில் பிரெஞ்சுப் படை எடுத்தவற்றில் 26 பொருள்கள் 2021 நவம்பரில் பெனின் நாட்டுக்குத் திரும்பின. மாத்தி தியோப் இதை வைத்து 2024 இல் 'தகோமே' படம் எடுத்தார். பெர்லினில் தங்கக் கரடி வாங்கியது. அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது சிலைகள் இல்லை. அபோமே-கலவி பல்கலைக்கழக மாணவர்கள் கூடி நின்று சண்டை போடுகிறார்களே, வெறும் 26 தானா என்று ஒருவர், இதை மியூசியத்தில் வைத்து என்ன செய்வது என்று ஒருவர், அந்தச் சண்டை. லெரிஸின் பேனா நுழையாத குடிசைக்குள்ளிருந்து குரல் வெளியே வருகிற சத்தம் அது.

ஐவரி கோஸ்ட்டின் எப்ரியே மக்களுக்கு 'ஜிஜி அயோக்வே' என்றொரு பேசும் முரசு இருந்தது. மூன்று மீட்டருக்கு மேல் நீளம், 430 கிலோ எடை. கட்டாய வேலைக்கு ஆள் பிடிக்க வருகிறார்கள் என்றால் அது ஊருக்கு ஊர் எச்சரிக்கும். 1916 இல் பிரெஞ்சு அதிகாரிகள் அதைப் பறிமுதல் செய்தார்கள். அழகாக இருந்தது என்று எடுக்கவில்லை; பேசியது என்று எடுத்தார்கள். அதைத் திருப்பித்தர நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேற 2025 ஜூலை வரை ஆனது.

அதே 2025 இல் டக்கார்–ஜிபூத்தி பயணத்தையே மறுவிசாரணை செய்து, ஆப்பிரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து, கே பிரான்லியில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். தொண்ணூறு வருஷம் கழித்தாவது கேட்டார்களே என்று இருந்தது. ஆனால் கேள்வியும் பதிலும் பாரிஸில் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டப்பட்டால் போதுமா? பொருள் ஊருக்குப் போக வேண்டும். அட்டையும் ஊரில் எழுதப்பட வேண்டும். எழுதும்போது ஊர்ப் பெரியவர் மட்டும் சொல்லாமல், கொல்லர் வீட்டிலும், தடியடி பட்ட பெண்ணின் பேத்தி வீட்டிலும் கேட்டு எழுத வேண்டும்.

லெரிஸின் புத்தகத்தைத் தமிழில் யாராவது கொண்டுவர வேண்டும். முழுசும் முடியாவிட்டால் 1931 செப்டம்பர் 6, 7 இரண்டு நாளை மட்டுமாவது. நாட்டுப்புறவியல் களப்பணிக்குப் போகிற நம் பிள்ளைகள் கையில் ரெக்கார்டருக்கு முன்னால் அதைக் கொடுக்க வேண்டும்.

துறைக்கு மறுபடியும் எழுதியிருக்கிறேன். தகடு போனால் போகட்டும், கணினியில் மூலப்பதிவு எங்காவது கிடக்கும், தேடிப் பாருங்கள் என்று. இன்னும் பதில் வரவில்லை. வந்தால், முதலில் எங்க தெருவில் போட்டுக் காட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.